போட்டுக்கப் போறது யாரு?

என் வீட்டுக்காரி ஒரு டெய்லர். பொம்பளைங்க உடுப்பு மட்டும்தான் தைப்பா. எங்க வீட்டு முன்னறைதான் கடை. ரெண்டு தையல் மிஷின், துணி வெட்டுற மேஜை, ஆளுயரக் கண்ணாடி, மூலையில பச்சைத் திரை தொங்குற ஒரு சின்னத் தடுப்பு. அந்தத் திரைக்குப் பின்னாடி நின்னுதான் அளவு கொடுக்கணும். நான் ஸ்கூல் வேன் ஓட்டுறவன். காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவுல இருக்கிற நேரமெல்லாம் அந்தக் கடைக்கு டீ போடுறதுலயே எனக்குப் போயிடும்.

ஏன் டீன்னு கேக்குறீங்களா? சொல்றேன். ஒரு கல்யாணப் பொண்ணு உடுப்பு தைக்க வருதுன்னு வைங்க. தனியாவா வரும்? அம்மா, பெரியம்மா, வரப்போற மாமியார், எல்லாரும் படையா வந்து இறங்குவாங்க. கழுத்து இறக்கி வைங்கன்னு ஒருத்தி சொல்வா. ஐயையோ அவ்வளவு இறக்கமான்னு இன்னொருத்தி நெஞ்சுல கை வைப்பா. முழுக்கைதான் லட்சணம்னு மாமியார் தீர்ப்பு சொல்லும். எங்க வீட்டம்மா வாயில நாலஞ்சு குண்டூசியைக் கடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்குவா. அப்புறம் ஊசியை எடுத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேப்பா.

"போட்டுக்கப் போறது யாரு?"

அந்தப் பொண்ணு வகுப்புல பாடம் கேக்குற பிள்ளை மாதிரி மெதுவா கையைத் தூக்கும்.

"நீ மட்டும் உள்ள வாம்மா. மத்தவங்க உக்காருங்க, டீ வரும்."

அந்த டீயைப் போடுறவன் யாருன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். உள்ள அந்தப் பொண்ணு தனக்கு வேணுங்கிறதைச் சொல்லும். இவ அளவெடுத்துக்கிட்டே அதையெல்லாம் வாய்விட்டுத் திருப்பிச் சொல்வா. அதோட முடிஞ்சுதா? இல்ல. வெளிய அனுப்பி, ஒரு டீ குடிக்க வச்சு, மறுபடி உள்ள கூப்பிட்டு, ரெண்டாவது தடவை கேப்பா. ரெண்டு தடவையும் ஒண்ணு போலச் சொன்னாத்தான் கத்தரியை எடுப்பா. மாத்திச் சொன்னா, வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வான்னு அனுப்பிடுவா. இதுல கோவிச்சுக்கிட்டுப் போன மாமியார்கள் எத்தனையோ பேர்.

"ஏண்டி, இது டெய்லர் கடையா, கோர்ட்டா? வர்ற லட்சுமியைக் கதவைச் சாத்தி அனுப்புறியே"ன்னு நான் குதிப்பேன்.

"நாக்கை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கலாங்க. வெட்டுன துணியை ஒட்ட முடியாது. சும்மா கத்தாம டம்ளரைக் கழுவுங்க"ம்பா.

நான் கொஞ்சம் சத்தமான ஆளு, ஒத்துக்கிறேன். கோவம் வந்தாலும் கத்துவேன், துக்கம் வந்தாலும் கத்துவேன். எங்க தெருவுல எனக்கு ஹாரன்னு பேரு.

இந்தச் சத்தம் எங்க குடும்பச் சொத்து. என் அக்காவுக்கு என்னைவிடப் பெரிய குரல். ஒரு பேக்கரியில அடுப்படி வேலை பாத்தவ. சின்ன வயசுலயே புருஷன் போய்ச் சேர்ந்தான். மாவுத் தூசியிலயும் சூட்டுலயும் நின்னு ஒத்தை மகனை ஆளாக்கினவ. அந்தத் தூசி அவ நெஞ்சுல தங்கிடுச்சு. நாலு படி ஏறினா இருமல் வந்துடும். ஆனா இருமி முடிச்ச கையோட விட்ட இடத்துல இருந்து பேச ஆரம்பிப்பா.

அக்காவுக்கும் என் வீட்டுக்காரிக்கும் ஏழாம் பொருத்தம். நாத்தனார்னா சும்மாவா? எந்த உடுப்பு தச்சுக் கொடுத்தாலும் கண்ணாடி முன்னாடி நின்னு அக்கா ஒரு குறை சொல்லாம நகர மாட்டா.

"கழுத்து ஏறிப்போச்சுடி."

"கழுத்து சரியாத்தான் இருக்கு அண்ணி. உங்களுக்குத்தான் தலைக்கனம்."

இப்படியே முப்பது வருஷம் ஓடிடுச்சு. ஒரு தடவைகூட நல்லா இருக்குன்னு அக்கா வாயில இருந்து வந்ததில்ல. ஆனா வேற டெய்லர்கிட்ட ஒரு கைக்குட்டை ஓரம் அடிக்கக்கூடக் கொடுத்ததில்ல. இதை நான் எடுத்துச் சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து என்மேல பாய்வாங்க.

பேக்கரி வேலையை விட்டப்புறம் அக்காவுக்கு ஒரு ஆசை வந்துச்சு. கார் ஓட்டணுமாம்! என்கிட்ட வந்து கத்துக்கொடுடான்னு கேட்டா. "இந்த வயசுல ஸ்டியரிங் புடிச்சு யாரை ஏத்தப் போற? போய்ச் சும்மா உக்காருக்கா"ன்னு சொல்லிட்டேன். அடுத்த நாளே டிரைவிங் ஸ்கூல்ல போய்ச் சேர்ந்துட்டா. கத்துக்கொடுக்கிறவன் பயந்து பயந்து பிரேக் போடுறதை எங்ககிட்ட நடிச்சுக் காட்டுவா. நாங்க வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அந்தச் சமயத்துலதான் அக்காவோட பேக்கரித் தோழி ஒருத்தி ஆஸ்பத்திரியில கிடந்தா. மாசக்கணக்கா நினைவே இல்ல. வாயில குழாய், கழுத்துல குழாய். எல்லாரும் போய்ப் பாத்துட்டு வராண்டாவுக்கு வந்தோம். அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரியே திரும்பிப் பாக்குற மாதிரி சொன்னா: "எனக்கெல்லாம் இந்த மாதிரி குழாய் கிழாய் மாட்டுனீங்க, எழுந்து வந்து உதைப்பேன்!" அழுதுக்கிட்டு இருந்தவங்களும் சிரிச்சுட்டாங்க. நானும் அக்கா மகனும் அந்த வார்த்தையை அப்படியே மனசுல முடிஞ்சு வச்சுக்கிட்டோம்.

அதுக்கு அப்புறம் அக்கா கடைக்கு வந்தா. லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போக ஒரு புது கவுன் வேணுமாம். திரைக்குள்ள போனவ வெளிய வரவே இல்ல. குசுகுசுன்னு பேச்சு மட்டும் கேக்குது. எங்க அக்காவுக்குக் குசுகுசுன்னு பேச வரும்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அப்புறம் வெளிய வந்தா, டீ குடிச்சா, மறுபடி உள்ள போனா. ஒரு கவுனுக்கா இவ்வளவு மாநாடுன்னு நினைச்சுக்கிட்டேன்.

விஷயம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வெளிய வந்துச்சு. எல்லாரும் சாப்பிட உக்காந்திருந்தோம். அக்கா தட்டைத் தள்ளி வச்சுட்டுச் சொன்னா:

"எல்லாரும் கேட்டுக்கோங்க. நாளைக்கு எனக்கு உடம்புக்கு வந்து, நானே வாயைத் திறந்து பேச முடியாம போச்சுன்னா, எந்த வைத்தியம் வேணும் எது வேண்டாம்னு எனக்காகச் சொல்லப் போறது இவதான். டாக்டர் முன்னாடி எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு."

இவதான்னு அவ கையைக் காட்டினது என் பொண்டாட்டியை!

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "கூடப் பொறந்தவன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். பெத்த பிள்ளை இருக்கான். எங்களை விட்டுட்டு, உன்னோட முப்பது வருஷமா சண்டை போடுறவகிட்டயா அந்தப் பொறுப்பைக் கொடுப்ப?"

"டேய், நீ அழுவ. அழ ஆரம்பிச்சா உன் ஹாரனை யாராலயும் நிறுத்த முடியாது. என் மகன் பயந்த பிள்ளை, நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பாப்பான். இவ ஒருத்திதான் நான் சொன்னதைச் சொன்ன அளவுக்கு வெட்டுவா. ஒரு நூல் கூட்ட மாட்டா, குறைக்க மாட்டா."

"சரி, என்ன சொன்னீங்கன்னு இவங்களும் கேட்டுக்கட்டும் அண்ணி"ன்னா என் வீட்டுக்காரி.

அக்கா மகன் எழுந்துட்டான். "சாப்பிடுற நேரத்துல என்னம்மா இந்தப் பேச்சு? உங்களுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு கை கழுவப் போயிட்டான். நானும் ரோஷத்துல எழுந்துட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். டெய்லரம்மாவே எல்லாம் பாத்துக்கட்டும்"ன்னு வேனைத் துடைக்கப் போயிட்டேன். அதுக்கப்புறம் அவ ரெண்டு மூணு தடவை பேச்செடுத்தா. நான் காதுல வாங்கவே இல்ல.

மழைக்காலம் வந்துச்சு. அக்காவுக்குக் காய்ச்சல், இருமல், அப்புறம் ஒரு காலையில மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. ஆம்புலன்ஸ்ல கொண்டு போனோம். நிமோனியான்னாங்க. ஐ.சி.யூ. வாசல்ல நுரையீரல் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுப் பேசினாங்க. நல்ல பொறுமைசாலி, புரியுற மாதிரி சொன்னாங்க. மருந்து வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரைக்கும் அக்கா நெஞ்சு தாங்காது, தொண்டையில குழாய் விட்டு வென்டிலேட்டர்ல வச்சா அது அவளுக்காக மூச்சு விடும், அப்புறம் எடுத்துடலாம், பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

"வேண்டாம் டாக்டர்"ன்னான் அக்கா மகன். "அம்மா குழாய் வேண்டாம்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்காங்க."

"நானும் கேட்டேன். உதைப்பேன்னே சொன்னா. வயசான உடம்பு, படுத்தாதீங்க"ன்னு நான் அழுதுக்கிட்டே சொன்னேன்.

அப்பதான் என் வீட்டுக்காரி ஓடி வந்தா. கடையில இருந்து அப்படியே கிளம்பியிருக்கா. கழுத்துல அளவெடுக்கிற இஞ்ச் டேப் தொங்குது, விரல்லாம் சாக்பீஸ் பொடி. மூச்சு வாங்க நின்னவ, டாக்டர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டா.

"திரும்பி எழுந்து வர வழி இருக்கா டாக்டர்?"

"இருக்கும்மா. நல்லாவே இருக்கு."

"அப்ப மாட்டுங்க."

"அத்தை!" அக்கா மகன் கத்திட்டான். "அம்மா சொன்னது உங்களுக்கும் தெரியும்ல?"

"அது வராண்டாவுல நின்னு சொன்னதுப்பா. கூட்டத்துல சொல்றதைக் கேட்டு நான் என்னைக்குத் துணியை வெட்டியிருக்கேன்? திரைக்குள்ள தனியா நின்னு என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? கேட்டுக்கோ." அக்கா பேசுற மாதிரியே பேசிக் காட்டினா. "'எழுந்து வர வழி இருக்குன்னு டாக்டர் சொன்னா என்ன வேணும்னாலும் மாட்டுடி. நான் இன்னும் வண்டி ஓட்டல. வழியே இல்ல, இப்படியே கிடப்பேன்னு சொன்னா கழட்டிடு. நடுவுல யாராவது அழுதா டீ வாங்கிக் கொடு.' ரெண்டு தடவை சொன்னாங்க. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னாங்க."

டாக்டரம்மா தலையாட்டினாங்க. அக்கா அவங்க முன்னாடி எழுதிக் கொடுத்ததும் அதேதானாம். குழாய் மாட்ட உள்ள போயிட்டாங்க.

எனக்கு ஆறல. தோழி கிடந்த கோலம்தான் கண்ணு முன்னாடி நிக்குது. "முப்பது வருஷக் கணக்கை இப்படித் தீர்த்துக்கிறியாடி?"ன்னு கேட்டுட்டேன். வாயில வந்ததைக் கொட்டுற ஜென்மம் நான். அவ கேன்டீனுக்குப் போய் எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வந்து கையில கொடுத்தா.

மருந்து கேட்டுச்சு. ஒவ்வொரு நாளும் டாக்டரம்மா முகம் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிஞ்சுது. ஒரு நாள் காலையில குழாயை எடுத்துட்டோம், வந்து பாருங்கன்னாங்க. ஓடினோம். அக்கா வத்தலும் தொத்தலுமாக் கிடந்தா. கண்ணு மட்டும் சுத்திச் சுத்திப் பாக்குது. மகனைப் பாத்தா, என்னைப் பாத்தா, அப்புறம் ஆஸ்பத்திரி அங்கியைக் குனிஞ்சு பாத்தா. தொண்டை கரகரன்னு ஒரு குரல் வந்துச்சு.

"யாருடி இதைத் தச்சது? கழுத்தே இல்ல."

"நான் இல்ல அண்ணி"ன்னு சொல்லிட்டு என் வீட்டுக்காரி திரும்பி நின்னுக்கிட்டா. தோள் குலுங்குறது எனக்குத் தெரிஞ்சுது. நர்ஸ் வந்து, ஹாரன் சத்தம் போடாதீங்கன்னு சொல்ற அளவுக்கு நான் அழுதேன். என் பட்டப்பேரு அந்த நர்ஸுக்கு எப்படித் தெரிஞ்சுதோ!

டெஸ்ட்ல அக்கா முதல்ல ஃபெயிலு. கம்பத்தை இடிச்சுட்டு, கம்பம் நின்ன இடம் தப்புன்னு ஆபீசர்கிட்ட வாதாடியிருக்கா. மறுபடி போய் லைசென்ஸோட வந்தா. புது கவுனைப் போட்டுக்கிட்டுதான். கழுத்து இறங்கிப்போச்சுன்னு ஒரு குறை அதுக்கும் உண்டு. நீலக் கலர்ல ஒரு பழைய சின்னக் கார் வாங்கினா. அதுக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல எங்க தெருவுக்கு நிம்மதி இல்ல. நூல் வாங்க, பட்டன் வாங்க, ஒண்ணும் வாங்காம சும்மா சுத்திட்டு வர, நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் முன் சீட்டுல சண்டை போட்டுக்கிட்டே போவாங்க. பின் சீட்டுல உக்காந்திருக்கிற எனக்கு இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சுக் காலு வீங்கிடும். "ஏன்டா பயப்படுற? யமனே என்னைப் பாத்துட்டு வேண்டாம்னு விட்டுட்டான்"ம்பா அக்கா.

ஆனா நெஞ்சு பழைய நெஞ்சு இல்ல. கொஞ்சம் கொஞ்சமா மூச்சு குறைஞ்சுது. இதயமும் சேர்ந்து தளர்ந்துடுச்சுன்னாங்க. வீட்டுல ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடை அதிகமாச்சு. கார் சாவியை மகன்கிட்ட கொடுத்துட்டா. ஒரு நாள் அவன் அவளைக் கடைக்குக் கூட்டிட்டு வந்தான். நைட்டி தைக்கணுமாம். "உடம்பு இளைச்சுடுச்சுடி. பழைய அளவு வேண்டாம், புதுசா எடு"ன்னு திரைக்குள்ள போனா.

வெளிய வந்தப்ப என் வீட்டுக்காரி முகமே சரியில்ல. கடைக் கதவைச் சாத்தினா. எங்க ரெண்டு பேரையும் உக்காரச் சொன்னா.

"அண்ணி சொல்றதை இந்தத் தடவை நீங்களும் கேக்கணும். யாரும் எழுந்து போகக் கூடாது. கை கழுவவும் கூடாது, வேன் துடைக்கவும் கூடாது."

உக்காந்தோம். அக்கா மூச்சு விட்டு விட்டுப் பேசினா. "போதும்டா. வண்டி ஓட்டிட்டேன், சுத்திட்டேன். அடுத்த தடவை மிஷின் வேண்டாம். மூச்சு முட்டாம இருக்க மருந்து இருக்காம், டாக்டர் சொன்னாங்க. அது போதும். வீட்டுல ஜன்னல் ஓரமாப் படுக்க வைங்க. என் வண்டி தெரியணும்."

மகன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சரிம்மான்னான். நானும் சரிக்கான்னேன். டீ டம்ளரைக் கையில வச்சுக்கிட்டுச் சரின்னு சொல்றது என்ன பெரிய விஷயம்? அக்காவும் டீ குடிச்சா. ரெண்டாவது தடவை என் வீட்டுக்காரி கேட்டா. அதையேதான் சொன்னா. அப்புறம் நான் அந்தக் கடையில என்னைக்குமே பாக்காத ஒண்ணு நடந்துச்சு. என் வீட்டுக்காரி மூணாவது தடவையும் கேட்டா.

"நிஜமாத்தானா அண்ணி?"

"ஏண்டி, உன் கடையில ரெண்டு தடவைதானே கணக்கு?"ன்னு அக்கா சிரிச்சா. அவ கன்னத்தைத் தட்டிக் கொடுத்தா. டாக்டர்கிட்ட போய் மாத்தி எழுதியும் கொடுத்துட்டு வந்தாங்க, ரெண்டு பேருமாவே.

அந்த நாளும் வந்துச்சு. காலையில எழுப்பினா அக்கா முழிக்கல, மூச்சு மட்டும் இழுக்குது. மகன் பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். அதே ஆஸ்பத்திரி, அதே வாசல், அதே டாக்டரம்மா. குழாய் விடலாம், ஆனா இந்தத் தடவை அதை எடுக்க முடியாம போகும்னுதான் நினைக்கிறேன்னாங்க.

"போன தடவையும் பயந்தோம், திரும்பி வந்தாங்கல்ல!" அக்கா மகன் என் வீட்டுக்காரி கையைப் பிடிச்சுக்கிட்டான். "அத்தை, நான்தான் அன்னைக்கு வேண்டாம்னேன். நீங்கதான் மாட்டச் சொல்லி எங்க அம்மாவைக் கொடுத்தீங்க. இன்னைக்கும் மாட்டச் சொல்லுங்க அத்தை!"

நான் மட்டும் சும்மா இருந்தேனா? "மாட்டச் சொல்லுடி. அக்கா எழுந்து வந்து திட்டினா நான் வாங்கிக்கிறேன். உதைச்சாலும் வாங்கிக்கிறேன். முதல்ல எழுந்து வரட்டும்"ன்னு வராண்டா அதிரக் கத்தினேன். திரைக்கு வெளிய உக்காந்து காதால கேட்டது, சரின்னு தலையாட்டினது எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

அவ எங்களைப் பாக்கல. டாக்டரைப் பாத்தா.

"திரும்பி எழுந்து வர வழி இருக்கா டாக்டர்?"

"இல்லம்மா. இன்னும் கொஞ்ச நாளைக் கூட்டலாம், அவ்வளவுதான். எழுந்து வர மாட்டாங்க."

என் வீட்டுக்காரி கை கழுத்துக்குப் போச்சு. டேப்பைத் தேடியிருப்பா போல. அன்னைக்கு டேப் இல்ல.

"குழாய் வேண்டாம். மூச்சு முட்டாம மட்டும் பாத்துக்கோங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். ஜன்னல் ஓரம் படுக்கணும்னு சொல்லியிருக்காங்க."

டாக்டரம்மா அவ தோள்ல கை வச்சுட்டு உள்ள போனாங்க. அக்கா மகன் சுவத்துல சாஞ்சு அப்படியே உக்காந்துட்டான். நான் அவகிட்ட போனேன்.

"எப்படிடி உனக்கு மனசு வந்துச்சு?"

"எனக்கு எங்க மனசு வந்துச்சு?"ன்னு திரும்பினா. "மாட்டுங்க மாட்டுங்கன்னு உங்களைவிடப் பெருசாக் கத்தணும் போல இருக்குங்க. அவங்க இல்லாம நான் யாரோட சண்டை போடுவேன்? ஆனா போட்டுக்கப் போறது நான் இல்லையே!"

சொல்லிட்டு அழுதா பாருங்க, அப்பப்பா! ஹாரன்னு எனக்குப் பேரு வச்சவங்க அன்னைக்கு அவளைக் கேட்டிருக்கணும். எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல. கேன்டீனுக்குப் போனேன். மூணு டீ வாங்கிட்டு வந்தேன். மூணு பேரும் வாசல்ல உக்காந்து குடிச்சோம்.

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். தினமும் ஒரு நர்ஸம்மா வந்து மருந்து கொடுத்துட்டுப் போவாங்க. அந்த மருந்துல மூச்சுத் திணறல் அடங்கி, அக்கா சாந்தமாத் தூங்கினா. நடுநடுவுல முழிச்சும் பாத்தா. அதை யாரும் எதிர்பாக்கல. மகன் தினமும் காலையில ஜன்னலுக்கு நேரா காரை நிறுத்திக் கழுவுவான். அந்தப் பக்கம் அழுக்கு இருக்குன்னு படுத்துக்கிட்டே விரலால காட்டுவா. நான் ஒரு நாள் வேனை நிறுத்திட்டு மெதுவா ஒரு ஹாரன் அடிச்சேன். "டேய்"ன்னு அவ உதடு அசைஞ்சுது. திட்டுதான், ஆனா எனக்குத் தேனா இருந்துச்சு.

புது நைட்டியை என் வீட்டுக்காரிதான் போட்டுவிட்டா. அக்கா ஒரு விரலால கழுத்தோரத் தையலை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் தடவிப் பாத்தா. எங்க குறை சொல்லப் போறாளோன்னு நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்.

"கழுத்து சரியா இருக்குடி."

"என்ன? மறுபடி சொல்லுங்க அண்ணி. ரெண்டு தடவை சொன்னாத்தான் கணக்கு."

"ஒரு தடவைதான்"ன்னு அக்கா கண்ணை மூடிக்கிட்டா. வாயோரத்துல சிரிப்பு இருந்துச்சு. அடுத்த ரெண்டு நாள்ல, நல்ல வெயில் அடிச்ச ஒரு காலையில, மகன் கார் கழுவுற தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே போயிட்டா. முகத்துல கஷ்டமே இல்ல. அதை நான் யார்கிட்ட வேணும்னாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

இது நடந்து கொஞ்ச காலம் ஆச்சு. ஒரு மத்தியானம் வேனை நிறுத்திட்டு வந்தேன். கடையில ஆள் இல்ல. நேரா திரைக்குள்ள போய் நின்னேன்.

"என்னங்க இது? ஆம்பளைங்களுக்கு நான் தைக்கிறதில்லையே"ன்னா.

"தைக்க வேண்டாம். கேட்டுக்க மட்டும் செய். டாக்டர்கிட்ட அப்புறமாப் போய் எழுதிக்கலாம்."

அவ சிரிக்கல. ஊசியை மேஜையில வச்சுட்டு வந்து நின்னா. எனக்கு என்ன வேணும், என்ன வேண்டாம்னு சொன்னேன். அவ திருப்பிச் சொன்னா. வெளிய வந்து, என் கையாலேயே டீ போட்டுக் குடிச்சுட்டு, மறுபடி உள்ள போய்ச் சொன்னேன். மாத்திச் சொல்லிட்டேனாம்!

"வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வாங்க"ன்னா.

"இதுதாண்டி என் வீடு!"

அப்பதான் சிரிச்சா. சிரிச்சுட்டு, கழுத்துல இருந்த டேப்பைக் கழட்டி என் கழுத்துல போட்டா. கண்ணாடியைப் பாத்து நேரா நின்னுக்கிட்டா.

"சரி, உங்களுது அப்புறம். இப்ப என்னுதைக் கேளுங்க."

"என்கிட்டயா? நான் அழுவேன்டி. அக்காவே என்னை வேண்டாம்னு சொன்னா."

"அழுங்க. அழுதுக்கிட்டே சொன்னாலும் டாக்டருக்குக் காது கேக்கும். சொன்னதைச் சொன்னபடி சொல்லணும், அவ்வளவுதான்."

அவ சொன்னா. என்ன சொன்னான்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன், அது திரைக்குள்ள சொன்னது. முதல் தடவை நான் திருப்பிச் சொல்லும்போது பாதியிலேயே விட்டுட்டு அழுதுட்டேன். வெளிய வந்து ரெண்டு பேரும் டீ குடிச்சோம். மறுபடி உள்ள போனோம். ரெண்டாவது தடவை, ஒரு வார்த்தை கூட்டாம, ஒரு வார்த்தை குறைக்காம, கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சேன். அழுதுக்கிட்டேதான்.